கிழக்கு நிலையத்துக் காற்று

நாள் 212. 21:10. மேற்கு நிலையம். பணி: பிளேடு பொருத்துதல்.

இன்று பனியடிமை அண்ணனிடம் நான் சொல்லாதவை இரண்டு. அவர் மூச்சு விடுவதை இங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது ஒன்று. மின்சாரம் குறைந்தால் முதலில் என் காற்றை நிறுத்தும்படியும், அவருடையதைக் கடைசிவரை நிறுத்தக்கூடாது என்றும் கணினிப் பெட்டியில் பதிந்து வைத்திருக்கிறேன் என்பது இன்னொன்று.

இதைக் கண்டெடுத்துப் படிக்கப்போகிறவருக்கு: இது காலிஸ்டோ, வியாழனின் நிலா. இங்கே மனிதர்கள் இரண்டு பேர். நான் சுடர்விழி, மேற்கு நிலையத்தின் கணினிகளைப் பராமரிப்பவள். பனியடிமை கிழக்கு நிலையத்தில் பனிப்பாறையில் ஆழ்துளை போடுகிறவர், தூத்துக்குடிக்காரர். எங்களுக்கு நடுவே தொள்ளாயிரம் கிலோமீட்டர். எங்கள் வண்டிகள் இருநூறு தாண்டாது. வேறு வேறு கப்பல்களில் வந்தோம்; ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை.

முந்தாநாள் அவருடைய கணினிப் பெட்டி எரிந்துபோனது. காற்றிலிருந்து கரியமில வாயுவை நீக்கும் இயந்திரத்தை ஓட்டியது அதுதான். அதன்பிறகு இரண்டு இரவுகளாக அவசரத்துக்கு வைத்திருக்கும் அடிபம்பைக் கையால் அடித்துக்கொண்டு விழித்திருந்தார். அரைமணிக்கு ஒருமுறை நூறு அடி. தூங்கினால் காற்று கெட்டுவிடும்.

பிளேடு என்பது தடித்த புத்தகம் அளவுள்ள ஒரு முழுக் கணினி. அலமாரியில் புத்தகம் வைப்பதுபோல சேஸி என்ற இரும்புப் பெட்டியில் செருக வேண்டும். என் சேஸியில் எட்டு ஸ்லாட். ஆறாவதில் இருந்த ஆய்வு பிளேடை உருவிவிட்டு வேறொன்றைச் செருகி நெம்புகோலை அழுத்தினேன். ஆரஞ்சு விளக்கு சிமிட்டிச் சிமிட்டிப் பச்சையானது. கிழக்கு நிலையத்தின் காற்று நிரலை அதில் ஏற்றி, ரேடியோ பிளேடு வழியாக அவருடைய இயந்திரத்தோடு இணைத்தேன்.

கிழக்கு, 16:31: “ஏ பிள்ள சுடரு, ஓடுது! சத்தம் கேக்கா? கையி ரெண்டும் கழண்டு போச்சு. படுக்கப்போறேன். வியாழனே இறங்கி வந்து கதவத் தட்டுனாலும் எழுப்பாத.”

மேற்கு: “தூங்குங்கண்ணா. நான் பாத்துக்கறேன்.”

கிழக்கு: “எங்கப்பா பனியடிமைன்னு பேரு வச்சாரு. இவனுவ அதப் பாத்துட்டு பனிக்கட்டியிலயே கொண்டாந்து போட்டுட்டானுவ. ஒனக்கு சுடருன்னு வச்சும் இங்கதான தள்ளியிருக்கானுவ. நம்ம ஆப்பீஸ்ல ஒருத்தனுக்கும் தமிழ் தெரியல போல.”

அவருடைய காற்றின் அளவு இப்போது என் திரையில் ஒரு கோடாக வருகிறது. மனிதன் இருக்கும் அறையில் கரியமில வாயு மெல்ல ஏறும், இயந்திரம் ஓடி இறக்கும், மறுபடி ஏறும். ரம்பத்தின் பற்களைப்போல இருக்கும். வேலை செய்யும்போது பற்கள் நெருக்கம். தூங்கும்போது அகலம். இப்போது மிக அகலமாக இருக்கின்றன. பார்ப்பதற்கு அனுமதி கேட்கவில்லை. திரையை மூடவும் இல்லை.

சேஸியில் ஒவ்வொரு பிளேடுக்கும் முன்னுரிமை எண் தர வேண்டும். ஒன்று என்றால் கடைசிவரை மின்சாரம். ஐந்து என்றால் முதலில் அணையும். ரேடியோவுக்கும் அவருக்கும் ஒன்று. என் காற்றை ஓட்டும் இரண்டாவது பிளேடுக்கு ஐந்து. நின்றால் பம்பு அடித்துக்கொள்ளலாம்; நான் குறைவாகத் தூங்குகிறவள். படிக்கப் புத்தகங்கள் இருக்கின்றன.

கையிருப்பு: காலி ஸ்லாட்டை மூடும் வெற்றுத் தகடுகள் மூன்று. மூடாமல் விட்டால் குளிர்காற்றெல்லாம் திறந்த துளை வழியே ஓடிவிடும், பக்கத்து பிளேடு சூடேறும். எட்டு ஸ்லாட்டும் நிரம்பியிருப்பதால் தகடுகளுக்கு வேலையில்லை. படுக்கைக்கு மேலே என் புத்தகங்கள் சாயாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நாள் 219. 08:45. பழுது: மின்வழங்கி 1.

சேஸியின் இரண்டு மின்வழங்கிகளில் ஒன்று செத்துவிட்டது. ஆய்வு பிளேடுகள் ஐந்தையும் அணைத்தேன். மிஞ்சியவை மூன்று: ரேடியோ, நான், அவர்.

பூமி, 07:58: “அறிக்கை கிடைத்தது. மாற்று மின்வழங்கிகள் இரண்டு அடுத்த கப்பலில் சேர்க்கப்பட்டுள்ளன. பதினொரு வாரங்களில் வந்து சேரும். நிலைமையைத் தொடர்ந்து கவனித்து வருகிறோம்.”

எழுபது கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்து கவனிக்கிறார்கள்.

விசிறிகளின் வேகம் குறைந்துவிட்டது. சேஸி அறையில்தான் நான் படுப்பது; நிலையத்திலேயே சத்தம் உள்ள இடம் அதுதான். காட்பாடியில் மார்கழிக் குளிரிலும் எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடாமல் யாரும் தூங்கியதில்லை. நேற்றிரவு என் இதயத்தின் சத்தம் எனக்கே கேட்டது. எழுந்து உட்கார்ந்து அவருடைய கோட்டைப் பார்த்தேன். அகலமான பற்கள். பிறகு தூக்கம் வந்தது.

நாள் 221. 06:20. பழுது: மின்வழங்கி 2.

இரண்டாவதும் தளர்ந்துவிட்டது. இனி ரேடியோவையும் இன்னொரு பிளேடையும்தான் தாங்கும். 05:52க்கு சேஸி நான் சொல்லி வைத்தபடியே செய்தது. இரண்டாவது பிளேடின் விளக்கு அணைந்தது. என் காற்று நின்றது. அடிபம்பைச் சுவரிலிருந்து இறக்கினேன்.

செய்ய வேண்டியது: இரண்டு நிலையங்களின் நிரல்களையும் ஒரே பிளேடில் ஓட வைப்பது. இரண்டுமே தனியாக ஓடுவதற்கென்று எழுதப்பட்டவை. என் வால்வுக்கும் அவருடைய வால்வுக்கும் ஒரே எண். ஒவ்வொன்றாக மாற்றி எழுத வேண்டும். ஓரிடத்தில் தவறினாலும் இங்கே மூட வேண்டியது அங்கே மூடிவிடும். இரண்டு நாள் வேலை. நூறு அடி, அரைமணி வேலை, நூறு அடி.

அவரிடம் சொல்லவில்லை.

நாள் 221. 13:15.

கிழக்கு, 12:40: “பிள்ள, பின்னால என்ன சத்தம்?”

மேற்கு: “விசிறிண்ணா.”

கிழக்கு: “விசிறி எந்த ஊர்ல கிரீச்சுனு இழுத்து மூச்சு விடுது? ரெண்டு ராத்திரி அந்தச் சனியனக் கட்டிப் புடிச்சுக்கிட்டு இருந்தவன் நான். எங்கிட்டயே விசிறின்னு சொல்லுத. எப்பம் நின்னுது ஒங் காத்து?”

சொன்னேன். முன்னுரிமை எண்களையும், நிரல்களை இணைக்க இரண்டு நாள் ஆகும் என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பேசுவதை நிறுத்தியபோது அவர் பக்கத்தில் ஏதோ இழுபடும் ஓசை.

கிழக்கு: “ரேடியோவுலருந்து காத்து மெஷினுக்குப் போற ஒயரப் புடுங்கிட்டேன். இனி ஒம் பிளேடு இங்க எதையும் ஓட்டாது. போ, ஒன்னத ஆன் பண்ணு.”

மேற்கு: “மாட்டுங்கண்ணா. ப்ளீஸ்.”

கிழக்கு: “நான் சொல்லுதத கேளு. நீ பம்பு அடிச்சா யாரு அந்த வேலையப் பாக்குது? எனக்கு கம்ப்யூட்டரத் தொறக்கவே ஒங்கிட்டதான் கேக்கணும். நான் அடிக்கேன், நீ வேலையப் பாரு. தங்குகடல்ல, கரைக்கே வராம, மூணு நாளு கண்ண மூடாம வல இழுத்தவன் நான். ரெண்டு நாளுன்ன இல்ல? முடிச்சிட்டுக் கூப்புடு, மாட்டிக்கிறேன்.”

அவர் சொன்னது சரி. ஆறாவது பிளேடை அணைத்தேன், இரண்டாவதை இயக்கினேன். என் காற்று ஓடத் தொடங்கியது.

திரையில் அவருடைய கோடு நின்றுவிட்டது.

நாள் 222. 19:30. முன்னேற்றம்: பாதி.

ரேடியோவைத் திறந்தே வைத்திருக்கிறோம். அவர் அடிப்பது கேட்கிறது. நூறு முடிந்ததும் “ஆச்சு” என்கிறார். நானும் “ஆச்சு” என்கிறேன். பம்பு காற்றை நல்லதாக்குவதில்லை, மோசமாவதைத் தள்ளிப் போடுகிறது, அவ்வளவுதான். தலை கனக்கிறது என்றார். பிறகு, சொல்லாததுபோல, அவர் ஊர் மார்க்கெட்டில் சீலா மீனை எப்படி ஏலம் விடுவார்கள் என்று கத்திக் காட்டினார். நானும் ஏலம் கேட்டேன். எனக்கு மீன் வாங்கவே தெரியாது என்று திட்டினார்.

விழித்திருக்கட்டும் என்று ஒரு நாவலிலிருந்து வாசித்தேன்.

கிழக்கு: “நிறுத்து பிள்ள. அந்தாளு ஜன்னலுக்கு வெளிய பாக்கான், பாக்கான், பாத்துக்கிட்டே இருக்கான். எனக்குக் கொட்டாவி வருது. என்னக் கொல்லணும்னா வேற வழி இல்லையா?”

வெகு நேரம் சிரித்தேன். இந்த நிலையத்தில் இதற்குமுன் சத்தமாகச் சிரித்ததாக நினைவில்லை.

நாள் 223. 15:05. பழுது: பிளேடு 2, அதிவெப்பம்.

இணைத்த நிரலுக்கு நினைவகம் போதவில்லை. அணைந்து கிடந்த மூன்றாவது, நான்காவது பிளேடுகளை உருவி, அவற்றின் நினைவகத் துண்டுகளைக் கழற்றி இரண்டாவதில் சேர்த்தேன். உருவிய ஸ்லாட்டுகளை அப்படியே விட்டுவிட்டேன்.

10:50க்கு இரண்டாவது பிளேடு சூடேறித் தானாக அணைந்தது. நிரலை எழுதிக்கொண்டிருக்கும்போதே. பாதி வேலை அழிந்துபோனது. என் காற்றும் நின்றது. அதன் நெம்புகோலைத் தொட்டேன், கை சுட்டது. இரண்டு காலி ஸ்லாட்டுகளிலிருந்தும் குளிர்காற்று என் முகத்தில் வந்து மோதியது.

பயிற்சியின் முதல் நாளில் சொல்லிக் கொடுப்பது இது.

படுக்கைப் பக்கம் போனேன். புத்தகங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த தகடுகளை உருவினேன். புத்தகங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன. எடுத்து வைக்கவில்லை. ஸ்லாட்டுகளை மூடினேன். பிளேடு ஆறியது. மறுபடி தொடங்குகிறேன். பதினான்கு மணி நேரமாவது போயிற்று.

மேற்கு, 14:20: “இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்ணா.”

கிழக்கு: “கொஞ்ச நேரம்னா... எங்க ஊரு கொஞ்ச நேரமா, ஒங்க ஊரு கொஞ்ச நேரமா?”

மேற்கு: “நாளைக்குக் காலைல.”

கிழக்கு: “சரி. சரி பிள்ள. இருக்கேன்.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. தகடுகளைப் பற்றி நான் சொல்லவில்லை.

நாள் 224. 03:40.

அடிகளுக்கு இடையே இடைவெளி கூடுகிறது. எழுபதில் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினார். நான் அவரோடு சேர்ந்து சத்தமாக எண்ணிக்கொண்டே தட்டச்சு செய்கிறேன். ஒரு முறை என்னை ‘ரீத்தா’ என்று கூப்பிட்டார். யாரென்று கேட்டேன். தங்கச்சி என்றார். பிறகு, “இல்ல இல்ல, சுடரு. தெரியுது” என்றார்.

இன்னும் பத்தொன்பது வால்வுகள்.

நாள் 224. 07:25.

05:10க்குப் பிறகு பம்பு சத்தம் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே வேலை செய்தேன்.

06:31: முடிந்தது. இரண்டு நிரல்களும் ஒரே பிளேடில் ஓடுகின்றன. சூடு சரியாக இருக்கிறது. என் வால்வைத் திறந்து மூடிப் பார்த்தேன். சரி.

மேற்கு: “அண்ணா, முடிஞ்சிடுச்சு. ஒயரை மாட்டுங்க. எந்திரிங்க. அண்ணா, ஒயர். ஒயரை மட்டும் மாட்டுங்க.”

எத்தனை முறை என்று தெரியாது. குரல் கட்டிவிட்டது. ஏலக்காரர்களைப்போலக் கத்தினேன். ரீத்தா கூப்பிடுகிறாள் என்றுகூடச் சொன்னேன்.

07:14க்குத் திரையில் கோடு வந்தது.

மாட்டிவிட்டார். மாட்டிவிட்டார்.

கரியமில வாயு ஒன்பது சதவீதம். அவருடைய இயந்திரம் என் கட்டளையை ஏற்றுக்கொண்டு ஓடுகிறது. 07:20க்கு எட்டேகால். இறங்குகிறது. நான் அழுதுகொண்டிருக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

மேற்கு: “ஓடுதுண்ணா. நீங்க தூங்குங்க. யாரும் எழுப்ப மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்.”

நாள் 224. 12:10.

நான்கு. மூன்று. ஒன்று. 11:35க்குப் பாதுகாப்பு அளவுக்குக் கீழே வந்தது. இயந்திரம் வேலை முடிந்து தானாக நின்றது.

இனி ஏற வேண்டும். தூங்குகிறவருக்கு முதல் பல் வர நேரமாகும். அகலமாக இருக்கும்.

நாள் 224. 14:00.

சென்சார் சரியாக இருக்கிறது. இரண்டு முறை சோதித்தேன். இணைப்பு சரி. அறையின் வெப்பம் வருகிறது. அழுத்தம் வருகிறது.

கோடு நேராக இருக்கிறது.

நாள் 224. 17:50.

ஏறவில்லை.

நாள் 225.

ஏறவில்லை.

நாள் 298. 10:00. மேற்கு நிலையம். பணி: மின்வழங்கி பொருத்துதல்.

புதிய மின்வழங்கிகள் இரண்டும் பொருத்தப்பட்டன. எட்டு ஸ்லாட்டும் இயங்குகின்றன. வெற்றுத் தகடுகள் கையிருப்பு மூன்று, சேஸிக்குப் பக்கத்திலேயே.

கப்பல் நேற்று முதலில் கிழக்கு நிலையத்தில் இறங்கியது. நான் அப்படிக் கேட்டிருந்தேன். அவர் ஒயர் செருகியிருந்த சுவரை ஒட்டிக் கிடந்தார். உள்ளே காற்று சுத்தமாக இருந்ததால் முகமூடி இல்லாமலே போனதாகச் சொன்னார்கள்.