வாப்பா வெள்ளையடித்த சுவர்

அன்பு மகள் ஷைமாவுக்குப் பாசிர் கூடாங்கிலிருந்து உம்மாவின் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், வாப்பாவின் முழங்காலைத் தவிர. கிளாஸ்கோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஆப்ரினும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் தெரியுமா, போனில் சொன்னால் உன் வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தனக்குச் சாதகமாகத் திருத்திவிடுவார்.

உன் தம்பி ஷாநவாஸின் ஓவியக் கண்காட்சி போன சனிக்கிழமை ஜோகூர் பாருவில் நடந்து முடிந்தது, நடந்தது என்றா சொன்னேன், ஜெயித்தது என்று சொல்ல வேண்டும். நம் சாப்பாட்டுக் கடையின் பின்சுவரில் அவனும் மதிவாணனும் மற்ற மூன்று கூட்டாளிகளும் ஸ்பிரே அடித்துப் பெரிய பெரிய எழுத்தாகத் தங்கள் பெயர்களை எழுதி வைத்திருந்தார்களே, ஞாபகம் இருக்கும். இப்போது இவன் எழுத்தையெல்லாம் விட்டுவிட்டுத் துணியில் வளைவும் கீற்றுமாக மட்டும் வரைகிறான். என்னடா, ஒன்றும் படிக்க முடியவில்லையே என்று கேட்டால், கை எழுதுது உம்மா, எழுத்துதான் இல்ல என்கிறான். கேலரிக்குப் போனதும் நம்மளை மறந்துட்டான் என்று கூட்டாளிகளுக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். அவங்க வரலன்னா இந்தப் படமெல்லாம் எனக்கு வெறும் துணிதான் உம்மா என்று இவனும் அவர்களையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த நேரம் பார்த்து உன் வாப்பா ஒரு காரியம் செய்தார். கண்காட்சிக்கு மறுநாள் கடைக்குப் பின்னால் கந்தூரி விருந்து வைப்பதாக ஏற்பாடு. விருந்தாளிகள் வரும் இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா என்று, பெருநாளுக்கு அடிப்பது போல, வேலையாட்களை வைத்துக்கொண்டு அந்தப் பின்சுவர் முழுவதற்கும் வெள்ளையடித்துவிட்டார்! அந்தப் பிள்ளைகள் வழக்கத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வெறும் பெயிண்டால் மூடினால் உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வதாம். சாப்பாடு பொட்டலம் கட்டி வாங்கிப்போக வந்த மதிவாணன் சுவரைப் பார்த்திருக்கிறான். ஷாநவாஸ்தான் வெட்கப்பட்டு அழித்துவிட்டான் என்று நினைத்து, நாங்க யாரும் வரல என்று மெசேஜ் அனுப்பிவிட்டான். தம்பி வந்து சுவரைப் பார்த்தான், சோற்றைத் தொடாமல் எழுந்து போய்விட்டான். அட அலமாக், அழுக்கைத்தானே மறைச்சேன் என்கிறார் இவர். அழுக்கா, உங்க புள்ளையோட பேரைத்தானே அழிச்சீங்க என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

கோபித்துக்கொண்டவர்களை நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும், அது நம் வழக்கம். கல்யாணத்துக்கே ஆள் அனுப்பி அழைக்கும் உன் வாப்பா, முழங்கால் வலியோடு மோட்டார் சைக்கிளில் மதிவாணன் வீட்டுக்குப் போய், அடிச்சது நான்தான் தம்பி, அவனுக்குத் தெரியவே தெரியாது, நீங்க வராம எனக்குக் கந்தூரி இல்ல என்று சொல்லியிருக்கிறார். பாக்கலாம் அங்கிள், அவ்வளவுதான் பதில்.

கேலரியில் நல்ல கூட்டம். சிங்கப்பூரிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் படங்களைப் புகழ்ந்து தள்ளுகிறார், இவன் கண்ணோ வாசலிலேயே இருக்கிறது. கடைசியில் நாலு பேரும் சிலிப்பரும் பெயிண்ட் கறை சட்டையுமாக வந்து சேர்ந்தார்கள். மதிவாணன் நேரே பெரிய படத்துக்கு முன்னால் போய் நின்றான். அதிலுள்ள வளைவை, சுவரில் ஸ்பிரே அடிப்பது போலத் தோளிலிருந்து கையை வீசிக் காற்றிலேயே போட்டுப் பார்த்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு திரும்பி, டேய், உன் கை மாறவே இல்லடா என்று தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பெற்ற வயிறு குளிர்ந்துபோய் நான் எல்லோர் முன்னாலும் அழுதேன், எனக்கு வெட்கமே இல்லை.

மறுநாள் கந்தூரியில் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு ஐந்து பேரும் அந்த வெள்ளைச் சுவரிலேயே வரைய இறங்கிவிட்டார்கள். மதிவாணனின் எழுத்து ஒரு பக்கம், அதற்குள் புகுந்து ஓடும் தம்பியின் வளைவு ஒரு பக்கம், கண்கொள்ளாக் காட்சி லா. வேலை செய்தவர்கள் பெயரை ஓரத்தில் எழுதுவது அவர்கள் முறை. முதலில் ஷாநவாஸ் என்று எழுதினார்கள், பிறகு மற்றவர்கள். கடைசியில் மதிவாணன் சிரித்துக்கொண்டே, அடிப்பூச்சு: அங்கிள் முஸ்தபா என்று எழுதினான். அன்றிலிருந்து உன் வாப்பா தேத்தண்ணி குடிக்க வருகிறவர்களையெல்லாம் பின்பக்கம் இழுத்துப் போய்க் காட்டுகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, பேத்திக்குக் காதை மூடித் தொப்பி போடு. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் பரக்கத் செய்வானாக. வாப்பா போனில் இந்தக் கதையை ஆரம்பிப்பார், தானே திட்டம் போட்டுச் சுவரைத் தயார் செய்து கொடுத்ததாகச் சொல்லுவார். நீ முதல் தடவை கேட்பது போலவே கேள் மகளே, பாவம், ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் உம்மா
சுலைஹா