மாமாவும் படத்தில் இருக்கிறார்

சின்னவனுக்கு,

சம்பந்தி வீட்டார் வந்த அன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அம்மா, நீ, உன் தங்கை, மாப்பிள்ளை, அவரைப் பெற்றவர்கள். வீடியோ எடுத்தவர் உன் பெரிய மாமா. வேறு யாரும் இல்லை.

நீ கம்ப்யூட்டரில் ரைட் செய்த மூன்று டிவிடியையும் போட்டுப் பார்த்தேன். கேமராவில் உள்ள படத்தில் மாமா இல்லை. அவர் எடுத்ததால் பாதிப் பேருக்குத் தலையும் இல்லை. டிவிடியில் எல்லோருக்கும் தலை இருக்கிறது. மாமா சோபாவில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். நீ அவர் பக்கத்தில் நிற்கிறாய். உன் அம்மா கேமராவைப் பார்த்து, "நீ சாப்டியாடா?" என்கிறாள். தன் அண்ணனை அவள் 'டா' போட்டதே இல்லை.

"டிவிடியில ஏதோ தப்பா இருக்குப்பா" என்று நேற்று நீ சொன்னபோது வாயை மூடச் சொன்னேன். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஒன்றைச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். சொந்தத்தில் பேசுவதைக் கேட்டு அவர்கள் கல்யாணத்துக்குத் தயங்குகிறார்களாம். மற்ற இரண்டும் பீரோவில் இருக்கின்றன, சாவி என்னிடம். அம்மாவுக்கு நானே காட்டுகிறேன். சோறு மூடி வைத்திருக்கிறது, அவளைச் சாப்பிட வை.

பி.கு: டிவிடி தட்டு தானாக வெளியே வந்தால் பயப்படாதே. மெதுவாக உள்ளே தள்ளு.

இன்னொன்று. உன் அண்ணன் அன்று காலை பஸ் விபத்தில் போனது நமக்கு மாலையில், சம்பந்தி வீட்டார் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. என்மேல் இருந்த கோபத்தில் அவன் நம் வீட்டுக்குக் கிளம்பவே இல்லை, வேறெங்கோ போனான் என்று சொந்தத்தில் பேசுகிறார்கள். அது பொய். கிளம்பினான். வந்தும் சேர்ந்தான்.