கொழும்பு நாளை வெட்டிவிடு

அன்புள்ள அக்கா, கையெழுத்து என்னுடையது, சொல் அம்மாவுடையது. உப்பில் வெடித்த விரலால் பேனை பிடிக்க ஏலாதாம். கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி அம்மா. - லக்சாயினி

சல்லிக் கிராமம்

என் அன்பு மகள் நிரோஜினிக்கு, முத்துமாரி அம்மன் அருளால் இங்கே எல்லோரும் சுகம், நோர்வேக் குளிரில் நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கிற குஞ்சும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். ரெலிபோனில் கதைத்தால் அப்பா சத்தத்தைக் கூட்டி மாமிக்கும் கேட்கப்பண்ணுகிறார், அதனால்தான் கடிதம். நீயும் அப்பாவும் மாமியும் சேர்ந்து கொழும்பில் எனக்கு ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறீர்களாம். என்னை ஒருவரும் கேட்கவில்லை. அந்த நாளுக்கு நான் போகமாட்டேன்.

கர்ப்பப்பை இறங்கியதை இரண்டு வருடம் மறைத்தது என் பிழைதான். பின்னேரமானால் கோழிமுட்டை அளவில் கீழே வந்து நிற்கும், இருக்கவும் ஏலாது, நடக்கவும் ஏலாது. வள்ளத்தில் இருந்து மீன்பெட்டி தூக்கும் பெண்கள் எல்லோரையும் போல வயிற்றைச் சீலையால் இறுக்கிக் கட்டினேன், இறங்க இறங்க இன்னும் இறுக்கினேன். கிளினிக்கில் டொக்டர் பிள்ளை அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு, "அம்மா, பற்பசையை நடுவிலே அமுக்கினால் எங்காலே வரும்?" என்று கேட்டா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவ மூன்று வழி சொன்னா. சிறுநீரை அடக்குவதுபோல அடியை இறுக்கி விடும் பயிற்சி, ஆனால் என் அளவுக்கு அது மட்டும் காணாது. உள்ளே வைத்துத் தாங்குகிற ரப்பர் வளையம், சில மாதத்துக்கு ஒருதரம் போய்க் கழுவி மாற்றவேண்டும். இல்லாவிட்டால் கர்ப்பப்பையை எடுத்துத் தளர்ந்ததைத் தைக்கிற ஒப்பரேஷன், பிறகு மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது, அப்படியும் சிலருக்குத் திரும்ப இறங்குமாம். அவசரம் இல்லை, யோசியுங்கோ, உடம்பு உங்கடை என்றா. நாற்பத்தொன்பது வயதில் ஒருவர் எனக்கு அப்படிச் சொன்னது இதுதான் முதல்தரம்.

நான் வளையத்தைக் கேட்டேன். முதலாவது மூன்றாம் நாளே கழன்று விழுந்தது, அடுத்த அளவு போட்டார்கள், ஒன்பது நாளாக அது இருக்கிற நினைவே இல்லை. பயிற்சியை பஸ்ஸுக்குள் இருந்தே செய்கிறேன், ஒருவருக்கும் தெரியாது. மாமி வந்து, பிள்ளை பெறுகிற காலம் முடிந்தது, வெட்டி எறி என்றா. "மச்சாள், ஒருநாளும் சமைக்காத சட்டியை எல்லாம் அலுமாரிக்குள்ளே பூட்டி வைச்சிருக்கிறியள், என்ர உடம்பிலே இருக்கிறதை நான் வைச்சிருந்தால் என்ன?" என்றேன். குமர்ப்பிள்ளைக்கு முன்னால் இந்தக் கதையோ என்றா. அவள்தான் கடிதமே எழுதப்போகிறாள் என்றேன். ஒப்பரேஷனுக்குப் பயந்து இப்படிச் சொல்லவில்லை. வளையம் ஒத்துவராவிட்டால் மாரியில், கடல் கொந்தளித்து மீன் காயப்போட ஏலாத காலத்தில் செய்வேன், அந்த நாளையும் நான்தான் குறிப்பேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், இனி ஒரு பெட்டிக்கு இரண்டு பேர், இல்லாவிட்டால் மீன் வள்ளத்திலேயே நாறட்டும் என்று. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் தானே வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் மெதுவாக வந்து, கிளினிக் எந்தக் கிழமை என்று என்னைக் கேட்டார்கள்.

போன மாதப் பார்சலில் என் மெல்லிய நூல் சீலையை அனுப்பி, பிள்ளை பிறந்ததும் வயிற்றை இறுக்கிக் கட்டு என்று சொன்னேன் அல்லவா? கட்டாதே. எனக்குத் தெரியாமல் சொன்னது. அந்தப் பயிற்சியை உன் தாதியிடம் கேட்டு இப்போதே பழகு. சீலையில் பேரப்பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்டு, அந்தப் பாரத்தை அது நன்றாகத் தாங்கும். சுகமாகப் பெற்று, பெற்ற பிறகும் நிமிர்ந்து நடக்க அம்மன் உனக்குத் துணை நிற்கட்டும். கொழும்பு நாளை வெட்டிவிட மறக்காதே.

உன் அம்மா,
வ. இரத்தினேஸ்வரி

அக்கா, கையொப்பம் மட்டும் அம்மாவே பேனையை வாங்கி வைத்தா. திரும்ப ஒருதரம் வாசித்துக் காட்டவோ என்று கேட்டேன், எழுதினது எழுதினதுதான் என்று லைற்றை அணைத்துவிட்டா.