திரும்பி வராத பதிவுகள்

அம்மா,

இதை யாரிடமும் காட்டாதே. அப்பாவுக்குத் தெரிந்தால் நான் தொலைந்தேன்.

நம் காது பரிசோதனை நிலையத்தின் பழைய பதிவுகளையெல்லாம் அப்பா ஒரு கம்பெனியின் கணினியில் ஏற்றப்போகிறார். ஏற்றியதும் காகிதங்களை அரைத்துவிடுவார்களாம். எந்தக் குழந்தைக்கு எவ்வளவு காது கேட்கிறது என்று பன்னிரண்டு வருடமாக நீ கையால் வரைந்த படங்கள் அவை.

"ஒரு குழந்தையோட பதிவை வெளியே எடுத்துக் காட்டுங்க அங்கிள்" என்று கம்பெனிக்காரரிடம் கேட்டேன். எடுத்துக் கொடுத்தது நம் கணினியில் திறக்கவில்லை. அவர்களுடைய மென்பொருளில்தான் திறக்குமாம்.

"நாளைக்கு நாங்க வேற கம்பெனிக்கு மாறினா?"

"கல்யாணத்தன்னிக்கே யாராவது விவாகரத்து பேசுவாங்களா பாப்பா?" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எப்படிச் சிரிக்க முடிந்தது அவரால்? கம்பெனிக்காரர் போனதும், "அப்படியே உங்கம்மா. எதுலயும் நொட்டை" என்று அப்பா என்மேல் பாய்ந்தார்.

நாளை ஒப்பந்தம், நீ எங்களை விட்டுப் போய்த் தங்கியிருக்கும் பெரியம்மா வீட்டுக்கு வரும். உன் கையெழுத்தும் வேண்டுமாம். இந்தக் கடிதத்தையும் அதே கவரில் மறைத்து வைக்கப்போகிறேன். "எனக்கென்ன, எப்படியோ போகட்டும்" என்று கையெழுத்துப் போட்டுவிடாதே. உன்மேலும் எனக்குக் கோபம்தான். நாம் கேட்கும்போது எல்லாவற்றையும் எந்தக் கணினியிலும் திறக்கும்படி திருப்பித் தருவதாகக் கம்பெனியை எழுதித் தரச் சொல். அதுவரை காகிதங்களைத் தொட விடமாட்டேன். அவை இருக்கும் அறையின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அப்பா வந்து கேட்டால்

கதவைத் தட்டுகிறார்