நிலா வெட்கப்பட்ட மேஜை விளக்கு

மார்ச் 3, செவ்வாய்

கடைக்கு அரசாங்க நோட்டீஸ் வந்தது. அக்கா மகள் பயந்துவிட்டாள். நான் பயப்படவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தேன், இரண்டு சொம்பு.

எங்கள் விளக்குக் கடை (கடை அவளுடையது, மூளை என்னுடையது) இப்போது தெருவை நம்பி ஓடவில்லை, வெப்சைட்டை நம்பி ஓடுகிறது. உள்ளே நுழைகிறவர்கள் பெரும்பாலும் வழி கேட்கத்தான் நுழைகிறார்கள். அந்த வெப்சைட்டைக் கண் தெரியாதவர்கள், மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் என்று எல்லோரும் பயன்படுத்த முடியவேண்டும் என்று சட்டமாம். எங்களுடையதில் முடியவில்லை என்று எவரோ புகார் கொடுத்திருக்கிறார். இருபத்தேழாம் தேதி அதிகாரி வந்து சோதிப்பார். தேறாவிட்டால் வெப்சைட்டை மூடிவிடுவார்கள். அப்புறம் கடையைத் திறந்து வைத்து என்ன பயன்?

"கண்ணு தெரியாதவங்க எதுக்கும்மா விளக்கு வாங்கணும்?" என்று நியாயமாகத்தான் கேட்டேன்.

"மாமா, தயவுசெஞ்சு இதை வெளியில யார்கிட்டயும் கேட்டுடாதீங்க" என்றாள்.

மார்ச் 4, புதன்

கம்ப்யூட்டர்காரர் வந்தார். வெள்ளைப் பக்கத்தில் வெளிறிய சாம்பல் எழுத்து இருக்கிறது, அதைக் கறுப்பாக்க வேண்டுமாம். மவுஸைத் தொடாமல் கீபோர்டு மட்டும் வைத்தே விளக்கு வாங்க முடியவேண்டுமாம். அதெல்லாம் அவர் பாடு.

மிச்சம் படங்கள். கண் தெரியாதவர்களின் கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்துக் காட்டும். எழுத்தை வாசிக்கும், படத்தை வாசிக்கத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும், வெளியே தெரியாதபடி, அது என்ன படம் என்று எழுதிவைக்க வேண்டும். யாரும் எழுதாததால் எங்கள் விளக்குகளை அது "படம் நாலு நாலு ஏழு ஒண்ணு" என்று வாசிக்கிறது. ஜெயில் கைதி மாதிரி.

"யாரு உக்காந்து எழுதறது?" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

நான் எழுந்து நின்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை. அக்கா மகள் என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், "சரி, வெறும் வர்ணனைதானே, மாமாவே எழுதட்டும்" என்றாள்.

வெறும் வர்ணனையாம்!

மார்ச் 7, சனி

இன்று ஒரே மூச்சில் ஐம்பது படங்கள். (இவள், என் சம்சாரம், எட்டிப் பார்த்துவிட்டுப் பதினொன்று என்கிறாள். பெரிய படத்தை நான் ஐந்தாகக் கணக்கு வைக்கிறேன்.)

மார்ச் 10, செவ்வாய்

எழுதியதிலிருந்து சில, பிற்காலத்துக்காக:

தொங்கும் விளக்கு: "இதன் கீழே நின்ற மாப்பிள்ளைகள் எவரும் நிராகரிக்கப்பட்டதில்லை."

படிக்கும் விளக்கு: "இதன் வெளிச்சத்தில் படித்த மூன்று பேர் நீதிபதியானார்கள், நாலாமவர் மறுத்துவிட்டார்."

சின்ன மேஜை விளக்கு: "இதை ஏற்றிய இரவு நிலா வெட்கப்பட்டு மேகத்துக்குள் போனது."

அக்கா மகள் சரக்கு எடுக்க வெளியூர் போயிருக்கிறாள். திரும்பி வந்து படித்தால் பேச்சு வராது அவளுக்கு.

மார்ச் 14, சனி

கம்ப்யூட்டர்காரர் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். திரையை அணைத்துவிட்டு வாசிக்கவிட்டார். ஒரு பெண் குரல். கொஞ்சம் அவசரக்காரி, ஆனால் நல்ல உச்சரிப்பு. "நிலா வெட்கப்பட்டு" என்று அவள் சொன்னபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. கம்ப்யூட்டர்காரர் வாயைத் திறந்தார், மூடினார். வியப்பு!

இவளை வரவழைத்துக் கேட்கவைத்தேன். "நீங்க பேசறது பத்தாதுன்னு மிஷினுக்கும் பழக்கிட்டீங்களா?" என்றாள்.

மார்ச் 16, திங்கள்

அந்தச் சின்ன மேஜை விளக்கு விற்றுவிட்டது! இரண்டு வருஷமாக அலமாரியில் தூங்கியது. எழுத்தின் சக்தி. இவளிடம் பத்து விற்றது என்று சொன்னேன்.

மார்ச் 20, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் ஒரு அம்மாள் வந்தார். கையில் வெள்ளைக்கோல், கக்கத்தில் எங்கள் அட்டைப்பெட்டி. வக்கீலாம். குரலைக் கேட்டாலே தெரிந்தது, எதிர்க்கட்சி வக்கீல் பாவம்.

"நிலா வெட்கப்பட்டதுன்னு எழுதினது யாரு?"

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "அடியேன்தான்" என்றேன்.

"சந்தோஷம். சுவிட்ச் எங்க இருக்கு?"

"எந்த..."

"விளக்குல. சுவிட்ச். எங்க?"

எனக்குத் தெரியவில்லை. பெட்டியைப் பிரித்துத் தேடினேன். கம்பத்தில் இல்லை, தலையில் இல்லை. ஒயரில் பாதி தூரத்தில் தொங்குகிறது.

"என் வீட்டுக்காரருக்குக் கண்ணு நல்லாத் தெரியும். இருட்டுன்னாதான் பயம். அவருக்காக வாங்கினேன். மூணு ராத்திரியா கட்டிலுக்கு அடியில ஒயரைத் தேடிக்கிட்டு இருக்காரு மனுஷன். உயரம் எவ்வளவுன்னு எழுதினீங்களா? நிலாவையே வெக்கப்பட வெக்கிறதுன்னா ஆளுயரம் இருக்கும்னு நெனச்சேன். என் சாப்பாட்டு டப்பா இதைவிட ஒசரம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"புகார் கொடுத்ததே நான்தான். அப்போ 'படம் நாலு நாலு ஏழு ஒண்ணு'ன்னு வாசிச்சுது. எனக்கு ஒண்ணும் தெரியலன்னாவது தெரிஞ்சுது. இப்போ தெரிஞ்ச மாதிரி ஏமாந்தேன். எது மோசம், நீங்களே சொல்லுங்க. அதிகாரி இதைக் கேட்டா அன்னிக்கே மூடிடுவாரு."

முந்தின நாள்தான் ஊர் திரும்பிய அக்கா மகள் பின்னால் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். விளக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவர் போன பிறகு உட்கார்ந்து, நான் எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாக வாசிக்கவிட்டுக் கேட்டாள். மாப்பிள்ளை... நீதிபதி... அந்த அவசரக்காரி குரல் கடை முழுக்க. ஐயோ. நிறுத்தித் தொலையேன்டி!

திட்டியிருந்தால் பரவாயில்லை. "வீட்டுக்குப் போங்க மாமா. நான் எழுதிக்கறேன்" என்றாள். அவ்வளவுதான்.

நான் என்ன கெடுதலா பண்ணேன்? நல்லாத்தானே சொன்னேன்? எல்லாத்தையும் நல்லாத்தானே சொன்னேன்...

மார்ச் 21, சனி

இன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இரண்டு வேளைதான் சாப்பிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

கடைச் சாவியில் ஒன்று என்னிடம் இருக்கிறது. இவளையும் கூட்டிக்கொண்டு போய்த் திறந்தேன். அக்கா மகள் உள்ளேயே இருந்தாள்! மேஜை மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தொங்கும் விளக்குகளையே அவளால் இன்னும் முடிக்க முடியவில்லை. எழுப்பி, "நீ போய்ப் படு, நான் பொய் எழுத மாட்டேன்" என்றேன். "சத்தியமா?" என்றாள். இவள் குறுக்கே வந்து, "நான் பாத்துக்கறேன், நீ போ" என்றாள். இவளுடைய ஜாமீனில் எனக்கு வேலை கிடைத்தது.

இவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். கடையில் ஏதோ ஒரு விளக்கைப் பற்றி நான் எழுதியதை வாசிப்பேன். அது எது என்று திரும்பிப் பார்த்து அவள் சரியாகக் காட்டினால் தேறியது.

முதல் விளக்கு: "கம்பீரமான..."

"வெட்டுங்க."

"பொன்னிறத்தில் ஜொலிக்கும்..."

"பித்தளையா, பெயின்ட்டா?"

சுரண்டிப் பார்த்தேன். பெயின்ட்.

"உயரம்?" டேப் எடுத்து அளந்தேன். "சுவிட்ச்?" தடவினேன். "தலை எந்தப் பக்கம் திரும்பும்?" திருப்பினேன், கையோடு வந்துவிட்டது. மறுபடி மாட்டினேன்.

இரண்டாவதுக்கு நான் எழுதியதைக் கேட்டுவிட்டுத் திரும்பி, வாசலில் மழைக்குடை வைக்கிற தாங்கியைக் காட்டினாள்.

பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கிறது. உப்பில்லை, புளியில்லை. "கறுப்பு இரும்புக் கம்பம். துணித் தொப்பி. சுவிட்ச் கம்பத்தின் அடியில்." எழுதி முடித்ததும் கை தானாக "இதன் கீழே நின்ற" என்று போகிறது. இழுத்துப் பிடிக்கிறேன்.

மார்ச் 25, புதன்

இன்று ஒன்பது படங்கள். ஒன்பதேதான்.

ஒரு விஷயம். இத்தனை வருஷமாக இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு விளக்கையும் நான் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. மீன் மாதிரி ஒரு விளக்கு இருக்கிறதே, அதற்குக் கண் ஒரு பக்கம்தான்.

மார்ச் 27, வெள்ளி

அதிகாரி வந்தார். ஒல்லி ஆள், காபி வேண்டாம் என்றார், மவுஸை எடுத்துத் தள்ளி வைத்தார். திரையை அணைத்துவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு, கீபோர்டைத் தட்டித் தட்டிப் போய்க்கொண்டே இருந்தார். அக்கா மகள் நகத்தைக் கடித்தாள். நான் அவள் பக்கத்தில் இமயமலை மாதிரி நின்றேன். (மேஜையைப் பிடித்துக்கொண்டு.)

பாதியில் "வாங்கு" பட்டனைக் குரல் சும்மா "பட்டன்" என்று மட்டும் சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர்காரர் பாய்ந்துபோய் அங்கேயே சரிசெய்தார். பிறகு ஒரு இடத்தில் அதிகாரி நின்று, திரும்பக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"'மீன் வடிவம். நீலம். ஒரு பக்கம் மட்டும் கண் உண்டு, மறுபக்கத்தைச் சுவரோடு வைத்துக்கொள்ளலாம்.' இது யாரு எழுதினது?"

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறை.

"எங்க மாமா" என்றாள் அக்கா மகள்.

தேறிவிட்டோம்.

ஏப்ரல் 9, வியாழன்

வக்கீலம்மா போன் செய்தார். என்னைத்தான் கேட்டார். அவர் அலுவலகத்தில் கட்சிக்காரர்கள் உட்காரும் அறைக்கு ஒரு நிற்கும் விளக்கு வேண்டுமாம்.

"அந்த வெண்கலக் கலர் விளக்கை உங்க வெப்சைட்டு வாசிக்கக் கேட்டேன். உயரம், எடை, சுவிட்ச் எல்லாம் எழுதியிருக்கீங்க. அழகா இருக்குமான்னு எழுதலையே?"

"அதெல்லாம் வேணாம்னு நீங்கதானேம்மா..."

"இப்ப கேக்கறேன்ல? சொல்லுங்க."

அந்த விளக்கு என் எதிரிலேயே நின்றது. எவரும் சீண்டாத சரக்கு, போனால் போதும் என்று இருப்பது. அக்கா மகள் பில் போட்டுக்கொண்டிருந்தாள். என் நாக்கு நுனியில் மயில், தேர், பட்டத்து யானை எல்லாம் வரிசைகட்டி நின்றன.

"அழகா இல்லீங்க" என்றேன். "தலை பெரிசு, உடம்பு ஒல்லி. நின்னா நோயாளி மாதிரி இருக்கு. அதுக்கு அடுத்ததா ஒரு மர விளக்கு வரும் பாருங்க, அது நல்லா இருக்கும்."

அக்கா மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி பில்லைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

வக்கீலம்மா அந்த மர விளக்கையே ஆறு வாங்கினார்.

இல்லை. ஒன்று. ஒரு விளக்கு வாங்கினார்.