நான்காம் பாட்டில் ஒரு குரல்

மகளே,

சபைப் பாட்டையும் நம் கறுப்பினக் கல்லூரிகளின் அணிவகுப்பு மேளத்தையும் மேடையில் விற்கிறாள் என்று அந்தப் பாப் பாடகியை நான் பிரசங்கத்தில் திட்டியது, அவளுக்குப் பின்பாட்டுப் பாடப் போன உனக்குத் தெரியும்.

நேற்று சபைச் சமையலறையில் கெளுத்தி மீன் பொரித்தபடி சிஸ்டர் வெர்லீன் மெம்பிஸ் கச்சேரியில் நேரடியாகப் பதிவான உங்கள் ஆல்பத்தைப் போட்டார். நான்காம் பாட்டில் நீ தனியாகப் பாடும்போது குரல் தடுமாறுகிறது. உடனே கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "பாடும்மா, கர்த்தர் இருக்கார்" என்கிறார்.

"பாஸ்டர், இந்த ஆளு குரல ஞாயித்துக்கிழமை தவறாம கேக்கறோமே?" என்றார் வெர்லீன்.

"மீன் கருகுது, அதப் பாருங்க," என்றேன்.

இன்று பிரசங்கம் எழுத மூன்று தரம் உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

யார் கேட்டாலும் அது நானில்லை என்று சொல். அடுத்த முறை முன்வரிசையில் டிக்கெட் அனுப்பு. கடைசி வரிசையிலிருந்து கத்தியதில் ஒரு வாரம் தொண்டை கட்டிக்கொண்டது.

உன் அப்பா