சிவப்புச் சீட்டைக் கிழித்தவனுக்கு

வில்ஃப்,

எட்டரைக்கு, வீட்டைச் சூடாக்குற புது பாய்லரை மாட்ட ஆள் வருவார். வந்ததும் டீ போட்டுக் கொடு. டப்பாவில இஞ்சி கேக் இருக்கு, அவருக்கும் ஒரு துண்டு மிச்சம் வை. சாயங்காலம் வரைக்கும் வீடு குளிரும், ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கோ.

பழைய பாய்லரைச் சோதிக்க வந்தவர் "விஷவாயு கசியுது, பத்த வைக்காதீங்க"ன்னு ஒட்டிட்டுப் போன சிவப்புச் சீட்டைக் கிழிச்சுட்டு நீ பத்த வச்சது தப்புதான். "முப்பத்தோரு வருஷமா கொல்லாதது இன்னிக்கா கொல்லப்போகுது?"ன்னு கேட்டே பாரு, அதான் எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. ஆனா "பழைய பாய்லரோட உன்னையும் தூக்கிட்டுப் போகச் சொல்றேன்"னு நான் சொன்னது அதிகம்தான்.

அதைக் கழட்டுறதைப் பாக்க எனக்கும் மனசு வரலை. அதான் விடியறதுக்குள்ளயே நம்ம பொண்ணு ஹேசல் வீட்டுக்குக் கிளம்பிட்டேன். பேரனைப் பாக்கணும்னு சொன்னதெல்லாம் சாக்கு. ராத்திரிக்குள்ள திரும்பிடுவேன்.

பனி கொட்டுற காலையில நீ சமையலறைத் தரையில முட்டி போட்டு, தீக்குச்சியும் கையுமா அதைத் திட்டுறது மாடி வரைக்கும் கேக்கும். அப்புறம் குப்புன்னு பத்திக்கும், அறைக்கு அறை இருக்கிற ரேடியேட்டர் ஒவ்வொண்ணா சூடேறி முனகும். அதுக்கப்புறம்தான் நான் போர்வையை விலக்குவேன்.

ஐவி

பழைய பாய்லர் மேல இருக்கிற தீப்பெட்டியை அவர் தூக்கிப் போட விடாதே.

இன்னொண்ணு. புதுசு ஆறு மணிக்குத் தானாவே பத்திக்குமாம், நீ எழுந்திரிக்கவே வேண்டாமாம். இருந்தாலும் நாளைக்குக் கீழே போய் அதை நாலு திட்டு திட்டிட்டு வா. நான் படுத்துக்கிட்டே கேக்கணும்.